உச்சிப்பாறை இறக்கம்

ஜனவரி 19, திங்கள்

அக்கா மகன் ஜெரோம் பெங்களூரிலிருந்து வந்தான். காரின் முதுகில் கட்டி ஒரு சைக்கிளும் வந்தது. நான் குருப்பட்டம் பெற்று இருபத்தைந்து ஆண்டு நிறைகிறது, அதற்குப் பரிசாம். என்ன வேண்டும் என்று போன மாதம் போனில் கேட்டபோது, "பங்கு வேலைக்கு ஒரு சைக்கிள் இருந்தா போதும்டா" என்று சொன்னது உண்மைதான். நான் மனதில் வைத்திருந்தது பின்னால் கேரியரும் கைப்பிடியில் மணியும் உள்ள சாதாரண சைக்கிள்.

இதில் கேரியர் இல்லை. மணி இல்லை. மட்கார்டு இல்லை. நிறுத்தி வைக்க ஸ்டாண்டு கூட இல்லை. அதற்கெல்லாம் சேர்த்து முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு சஸ்பென்ஷன் இருக்கிறது. டயர்கள் மலைப்பாம்புத் தடிமன். நிறம் ஆரஞ்சு. கோயில் முன் குகை போலக் கட்டிய கெபியில் இருக்கும் மாதா சொரூபத்தின் மீது சாய்த்து வைக்கவும் மனம் வரவில்லை, வேறு இடமும் இல்லை.

உபதேசியார் ஞானாதிக்கம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கோயில் மணி அடிப்பதிலிருந்து என் மனச்சாட்சியைக் கண்காணிப்பது வரை இந்தப் பங்கில் எல்லாம் அவர் பொறுப்பு.

"இதுல அரிசி மூட்டைய எங்கங்க சாமி வெக்கிறது?"

"வெக்க முடியாதுங்க."

"அப்ப இது எதுக்குங்க?"

"மலையில எறங்குறதுக்கு" என்றான் ஜெரோம்.

"எறங்குறதுக்கு எதுக்குப்பா சைக்கிளு? கல்லு கூடத்தான் தானா எறங்குது" என்றார் உபதேசியார்.

கைப்பிடியில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. உட்கார்ந்தபடி அதை அழுத்தினால் சீட் கீழே இறங்கிவிடும். ஜெரோம் இதைச் சொல்வதற்கு முன்பே நான் அழுத்திவிட்டேன். மடத்துச் சகோதரிகள் இருவர் பார்த்துக்கொண்டிருக்க, பங்குத் தந்தை சட்டென்று குட்டையாகிப் போனார்.

சஸ்பென்ஷனில் காற்றடிக்க என் எடை தெரிய வேண்டுமாம். எழுபத்தொன்று என்றேன்.

ஜனவரி 20, செவ்வாய்

ஜெரோம் கிளம்பும் முன் என்னை ஓட்ட வைத்துப் பார்த்தான். கோயில் படிகளில் இறங்கியபோது பின்பக்கம் 'டொக்' என்று அடித்தது.

"மாமா, எழுபத்தொண்ணா?"

"அங்கியோட எழுபத்தஞ்சு இருக்கும்."

அவன் எழுபத்தெட்டுக்குக் காற்றடித்துவிட்டுப் போனான். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்து எத்தனையோ பொய்களைக் கேட்டிருக்கிறேன். ஒன்றைக்கூட இவ்வளவு சுருக்காகக் கண்டுபிடித்ததில்லை.

ஜனவரி 22, வியாழன்

முதல் கடமைப் பயணம். மேலே உச்சிப்பாறையில் பவுலீனாம்மா காலை முறித்துக்கொண்டு படுத்திருக்கிறார். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்த மலையில் பாதிப்பேர் அவர் கையில் பிறந்தவர்கள். பொங்கலன்று காபிக்கொட்டை காயும் களத்தில் வழுக்கிக் கணுக்காலில் முறிவு. மாவுக்கட்டு. ஆறு வாரத்துக்குக் கோயிலுக்கு வர முடியாது. பூசையில் கொடுக்கும் நற்கருணைதான் அவரைத் தேடிப் போக வேண்டும்.

தார்ச்சாலை வழியாக ஏறினேன். கியரை மிகப் பெரிய பல்சக்கரத்தில் போட்டால் மூச்சு வாங்காமல் மிதிக்கலாம், ஆனால் வேகம் இருக்காது. ஒரு கன்றுக்குட்டி என்னை முந்திக்கொண்டு போனது.

திரும்பும்போது பள்ளியில் வேலை காத்திருந்தது. சாலையில் சுற்றி வருவதைவிடக் காபித் தோட்டங்களுக்குள் இறங்கும் பழைய கழுதைப்பாதை குறுக்கு. நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் அதில் இறங்கினேன்.

அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வேர், கல், மழை அரித்த பள்ளம், மறுபடி கல். சக்கரங்கள் எல்லாவற்றிலும் விழுந்து எழுகின்றன. அடி வாங்குவதெல்லாம் அவைதான். மேலே நான் பீடத்தின் முன் நிற்பவனைப் போல அமைதியாக நிற்கிறேன். கல்லைப் பார்த்துப் பயந்தால் சைக்கிள் அந்தக் கல்லின் மேல்தான் போகிறது. போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் அங்கே போகிறது. பிரேக்குக்கு ஒரு விரல் போதும். மூன்று வருடமாக வலிக்கும் முழங்கால் வாயே திறக்கவில்லை. ஒரு வளைவில் என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. 'அல்லேலூயா' என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் அது இல்லை.

நற்கருணை அப்பம் வைக்கும் சிமிழ் திரும்பும்போது காலியாகத்தான் இருந்தது என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

ஜனவரி 24, சனி

பவுலீனாம்மாவுக்கு நற்கருணை.

ஜனவரி 26, திங்கள்

பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்தது. பவுலீனாம்மாவுக்கு நற்கருணை.

ஜனவரி 27, செவ்வாய்

பவுலீனாம்மா. நோயாளிகளை அடிக்கடி சந்திக்க வேண்டும் என்று குருமடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்துமாவில் கிடக்கும் சந்தியாகுவையும் பார்க்க வேண்டும். அவர் வீடு சமதளத்தில் இருக்கிறது. அடுத்த வாரம் பார்க்கலாம்.

ஜனவரி 29, வியாழன்

செபம் முடிந்ததும் பவுலீனாம்மா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா சாமி? டாக்டர் எங்கிட்ட எதையாச்சும் மறைக்கிறாரா?"

"ஏம்மா?"

"காலமெல்லாம் நர்ஸ் வேலை பாத்தவ நான். சாமியாரு வாரத்துல நாலு நாளு வந்தாருன்னா அஞ்சாவது நாளு பெட்டி வரும்."

அப்படியெல்லாம் இல்லை, மேய்ப்பனின் கடமை என்று ஏதோ சொன்னேன். அவர் என் கால்சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செம்மண்ணா இருக்குதுங்களே. தார் ரோட்டுல ஏதுங்க செம்மண்ணு?"

"ரோடு வேலை நடக்குது."

"ஜன்னலு கழுதைப்பாதையப் பாத்துதான் இருக்குது சாமி."

நான் குனிந்து செம்மண்ணைத் தட்டினேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். மாவுக்கட்டு கட்டிலில் தட்டும் அளவுக்குச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிபந்தனை சொன்னார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நல்ல நெத்திலிக் கருவாடு வரும், அது வேண்டும். "கருவாடு வந்துச்சுன்னா நான் வாயத் தெறக்க மாட்டேன். திங்கறதுக்கு மட்டும் தெறப்பேன்."

பிப்ரவரி 1, ஞாயிறு

கருவாடு வாங்கியாயிற்று.

பூசை முடிந்து வெளியே வந்தபோது பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "பவுலீனாக்காவுக்கு ரொம்ப முடியலீங்களா சாமி? தெனமும் நற்கருணை கொண்டுட்டுப் போறீங்களாம்."

"எல்லாம் ஆண்டவர் கையில இருக்கு" என்றேன். இதில் இறையியல்படி ஒரு பிழையும் இல்லை. இரண்டு பேர் அழுதார்கள். அங்கேயே விளக்கிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போது பார்த்துத் தூறல் போட்டது, சைக்கிள் வெளியே நனைந்துகொண்டிருந்தது.

பிப்ரவரி 3, செவ்வாய்

மழை. போகவில்லை. செயினைக் கண்ணி கண்ணியாகத் துடைத்தேன். "பூசைப் பாத்திரத்தையும் இப்படித் தொடச்சா நல்லா இருக்கும்ங்க" என்றார் உபதேசியார்.

பிப்ரவரி 5, வியாழன்

நிலைமை கைமீறுகிறது. உச்சிப்பாறை வீட்டில் உட்கார இடமில்லை. அன்பியம் என்ற தெரு செபக்குழுப் பெண்கள் செபமாலை சொல்கிறார்கள். ஆட்டுக்கால் சூப், கோழி ரசம், ஆரஞ்சுப் பழம். பவுலீனாம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, யார் கேட்டாலும் மெல்லக் கண்ணை மூடித் திறக்கிறார்.

எல்லோரும் போன பிறகு, "உண்மைய சொல்லிருங்கம்மா" என்றேன்.

"எனக்குச் சாவுன்னு நான் ஒரு வார்த்த சொன்னேனா? நீங்க வர்றதப் பாத்து அவிங்களே சொல்லிக்கிறாங்க. நீங்க சொல்லுங்க, எதுக்கு வர்றீங்கன்னு."

கழுதைப்பாதையில் ஈரம். சறுக்கல் இன்னும் நன்றாக இருந்தது. எழுதியிருக்கக் கூடாது.

பிப்ரவரி 8, ஞாயிறு

உபதேசியார் பவுலீனாம்மாவின் தம்பிக்குப் போன் செய்துவிட்டாராம். தம்பி பெயர் ராயப்பன். ஆத்தூரில் பைப்புக் கடை வைத்திருக்கிறார். அக்காவும் தம்பியும் பேசிப் பல வருடமாகிறது. தான் பார்த்த மாப்பிள்ளையை அக்கா வேண்டாம் என்றதில் தொடங்கிய சண்டை. "கடைசியில மலையில ஒத்தையாக் கெடப்ப, நீ செத்தாலும் வர மாட்டேன்" என்று ஊர் முன்னால் கத்திவிட்டு மலை இறங்கியவர், பிறகு ஏறவே இல்லை.

"வருவாருங்களா?" என்று கேட்டேன்.

"போன்ல ஒண்ணுமே பேசலீங்க. அழுதாரா, இருமுனாரான்னு தெரியலீங்க" என்றார் உபதேசியார்.

பிப்ரவரி 9, திங்கள்

வந்துவிட்டார்.

நான் உள்ளே இருக்கும்போதே ராயப்பன் வாசலில் நின்றார். தடித்த உருவம், வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை. மேலே ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. கட்டிலுக்கு அருகே வராமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பவுலீனாம்மா அவரைப் பார்த்தார். இந்தத் தடவை போர்வையை இழுக்கவில்லை, கண்ணை மூடித் திறக்கவில்லை. நடிக்க மறந்துபோயிருந்தார்.

"தலையெல்லாம் நரச்சுப்போச்சுடா" என்றார்.

"ஒனக்கு மட்டும் என்ன?" என்றார் தம்பி.

நான் தார்ச்சாலை வழியாகவே திரும்பி வந்தேன்.

பிப்ரவரி 11, புதன்

ராயப்பன் போகவில்லை. கடையை மகனிடம் விட்டுவிட்டு இங்கேயே தங்கிவிட்டார். சமைக்கிறார். உப்பு கூடுதல் என்று அக்கா சொன்னால், சாகப்போகிறவளுக்கு உப்பு என்ன கணக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி சமைக்கிறார்.

அவர் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் பவுலீனாம்மா என் கையைப் பிடித்தார். சிரிப்பு முகத்தில் இல்லை.

"இந்த மாசக் கடைசியில கட்டு அவுத்துருவாங்க சாமி. நான் எந்திரிச்சு நடந்தா அவன் போயிருவான். ஏமாத்திட்டன்னு சொல்லிட்டுப் போவான். இன்னொரு தடவ வர மாட்டான்."

நாற்பது வீட்டுச் சண்டையைத் தீர்த்துவைத்திருக்கிறேன். இன்றைக்கு ராயப்பனிடம் குடத்தை வாங்கி வைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 14, சனி

ராயப்பன் பங்கு இல்லத்துக்கே வந்து, அக்காவுக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுக்கச் சொன்னார். சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் திருவருட்சாதனம். கணுக்கால் முறிவுக்கு அதைக் கொடுத்தால் நான் எந்த முகத்தோடு பீடம் ஏறுவேன்?

"புதன்கிழமை பாக்கலாம்" என்றேன்.

"ஏன் சாமி, அது வரைக்கும் தாங்குங்களா?" என்று கேட்டார். முகம் என்னவோ சாதாரணமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

காலைப் பூசையில் ஒவ்வொரு நெற்றியிலும் சாம்பல் இட்டு, "மனம் திரும்பு" என்று எனக்கும் சேர்த்துச் சொன்னேன். முடிந்ததும் சாம்பல் கிண்ணத்தோடு மேலே ஏறினேன். ராயப்பன் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உட்காராமலே சொல்லிவிட்டேன்.

"உங்க அக்கா சாகப்போறதில்லைங்க. காலு மட்டுந்தான் முறிஞ்சிருக்கு. ஊரு தப்பா நெனச்சிருச்சு. தப்பு எம்பேர்லதான்."

அவர் வெங்காயத்தை விடவில்லை.

"தெரியும் சாமி."

"எப்ப இருந்து?"

"வந்த அன்னிக்கே. சாகப்போறவ ராத்திரிச் சோத்துக்குக் கருவாடு நாலு வறுக்கச் சொல்லுவாளா? அவஸ்தை கேட்டது சும்மா. எப்படி முழிக்கிறீங்கன்னு பாக்கத்தான்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பவுலீனாம்மா ஊன்றுகோலில் ஒற்றைக் காலாய் வாசல் வரை வந்துவிட்டார்.

"தெரிஞ்சுமா இருந்த? தெரிஞ்சா அன்னிக்கே போயிருக்க வேண்டியதுதானடா?"

"எதுக்குப் போகணும்? செத்தா வர மாட்டேன்னுதான சொன்னேன். நீதான் சாகலியே."

பவுலீனாம்மா எதையாவது எடுத்து எறிவார் என்று நினைத்தேன். ஊன்றுகோல்தான் கையில் இருந்தது, அதை எறிந்தால் விழுந்துவிடுவார். அப்படியே படியில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ராயப்பன் பக்கத்தில் உட்கார்ந்து மீதி வெங்காயத்தை உரித்தார். இருவர் கண்களும் சிவந்திருந்தன. வெங்காயம் என்றே வைத்துக்கொண்டோம்.

இருவருக்கும் சாம்பல் இட்டேன். அதோடு கிளம்பியிருக்க வேண்டும். ராயப்பன் விடவில்லை.

"அவ சாகலேன்னு உங்களுக்கும் தெரியும். அப்பறம் எதுக்கு சாமி நாளும் பொழுதும் வந்தீங்க?"

பவுலீனாம்மா முந்தானையை விலக்கினார். "சொல்லுங்க சாமி" என்றார்.

சொன்னேன். சொல்லும்போது காது சுட்டது. ராயப்பன் எழுந்து போய் சைக்கிளைப் பார்த்தார். நெம்புகோலைப் பிடித்துச் சீட்டை அழுத்தினார், அது இறங்கி ஏறியது. அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். ஜனவரியில் என் முகமும் அப்படித்தான் மாறியிருக்கும்.

"ஒரே ஒரு தடவ, சாமி. ஆரம்பத்துல சைக்கிள்லதான் பைப்பு வித்தேன்."

அவர் எடை தொண்ணூறுக்கு மேல். சஸ்பென்ஷன் என் எடைக்கு வைத்திருக்கிறது. பாதையில் வேர் இருக்கிறது. இதையெல்லாம் விளக்கினேன். கொஞ்சம் சீக்கிரமாக விளக்கிச் சைக்கிளைக் கொடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

முதல் வளைவை நன்றாகவே எடுத்தார். "டேய், பாத்துடா!" என்று பவுலீனாம்மா கத்தினார். இரண்டாவதில் பாதை திரும்பியது, ராயப்பன் திரும்பவில்லை. காபிச் செடிகளுக்குள் நேராகப் போனார்.

ஓடிப்போய்ப் பார்த்தபோது மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் சாம்பல் அப்படியே இருந்தது. பிறகு தன் இடது கையைப் பார்த்தார், சிரிப்பு நின்றது.

ஜீப் வருவதற்குள் பவுலீனாம்மா படியில் உட்கார்ந்தபடியே கையைத் தடவிப் பார்த்தார். "மணிக்கட்டு போச்சு. கட்டுப் போட்டா ஆறு வாரம். இந்தக் கையோட ஆத்தூருல போயி என்ன செய்வ? இங்கயே கெட."

அவர் முகத்தில் நான் பார்த்தது கவலை என்றே எழுத வேண்டும்.

பிப்ரவரி 19, வியாழன்

சைக்கிளின் முன்சக்கரம் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்திருக்கிறது. ஜெரோமுக்குப் படம் அனுப்பினேன். புதிதாகத்தான் வரவழைக்க வேண்டுமாம், நாளாகும்.

"தவக்காலத்துக்கு என்னத்த விடப்போறீங்கன்னு கேக்கலாம்னு இருந்தேனுங்க" என்றார் உபதேசியார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

பிரசங்கத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இறக்கத்துக்காகத்தான் போனேன், நோயாளிக்காக அல்ல என்று. யாரும் நம்பவில்லை. "எம்புட்டுத் தாழ்ச்சி பாருங்க" என்று ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொன்னது பீடம் வரை கேட்டது.

பிப்ரவரி 24, செவ்வாய்

சந்தியாகுவைப் பார்த்தேன். ஆஸ்துமா பரவாயில்லை. அவர் நன்றாகச் சீட்டாடுவார் என்று இதுவரை தெரியாது.

பிப்ரவரி 26, வியாழன்

பவுலீனாம்மாவுக்குக் கட்டு அவிழ்த்தாயிற்று. ஊன்றுகோலோடு நடக்கிறார். ஒருவரால் சரியாக நடக்க முடியவில்லை, ஒருவருக்குக் கை இல்லை, இருவரும் சேர்ந்து ஒரு மீனைக் கழுவ எடுத்துக்கொண்ட நேரத்தில் இரண்டு சண்டை. நடந்தே போய் நடந்தே வந்தேன். முழங்கால் பேசத் தொடங்கிவிட்டது.

பிப்ரவரி 28, சனி

மறுபடி மேலே. குழம்பில் உப்பு சரியா என்று நான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். கடமை.

மார்ச் 3, செவ்வாய்

மேலிருந்து திரும்பும்போது கழுதைப்பாதையில் நடந்து இறங்கினேன். ஓடைக்குச் சற்று மேலே, வளைவில் ஒரு வீடு இருக்கிறது. தகரக் கூரை, சிமென்ட் தொட்டி, கயிற்றில் குழந்தைத் துணிகள். இத்தனை தடவை அந்த வளைவில் இறங்கியிருக்கிறேன், அங்கே ஒரு வீடு இருப்பதே இன்றுதான் தெரிகிறது.

"சாமி" என்று ஒரு பெண் கூப்பிட்டாள். இடுப்பில் குழந்தை. பெயர் லீமா, கீழே எங்கள் பள்ளியில் படித்தவள்தான். கணவன் குமரேசன் மரம் அறுக்கப் போயிருக்கிறான். அவன் நம் சபை இல்லை. பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டார்களாம்.

"கோயிலுக்கு வந்தா ஏசுவீங்களோன்னு வரல சாமி. நீங்க எறங்குற சத்தம் கேக்கும்போதெல்லாம் கூப்பிடலாம்னு வாசலுக்கு ஓடியாருவேன். வாயத் தெறக்கறதுக்குள்ள போயிருவீங்க."

ஒரு தடவை காபி போட்டுக்கூட வைத்திருந்தாளாம்.

உட்கார்ந்தேன். இன்றைக்கும் போட்டாள். குழந்தை என் சட்டைப் பொத்தானை வாயில் வைத்துச் சப்பியது. தம்ளரை வாங்கிக்கொண்ட பிறகுதான், தரையைப் பார்த்துக்கொண்டு, "பாப்பாவுக்கு ஞானஸ்நானம் குடுப்பீங்களா சாமி?" என்றாள்.

தவக்காலம் முடிந்து வரும் உயிர்ப்பு விழாவுக்குக் கொடுக்கலாம், அதற்கு முன் குமரேசனையும் அழைத்துக்கொண்டு வா, யாரும் ஏச மாட்டார்கள் என்றேன். அவள் அழுதாள். அம்மா அழுவதைப் பார்த்துக் குழந்தையும் அழுதது. மீதி இறக்கத்தை மெதுவாக நடந்தேன்.

பங்கு இல்லத்துக்கு வந்ததும் ஜெரோம் போன் செய்தான். "மாமா, சக்கரம் வந்துருச்சு. எப்ப அனுப்பட்டும்?"

அவசரமில்லை, தவக்காலம் முடியட்டும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"வியாழக்கிழமைக்குள்ள இங்க வந்துருமாடா?" என்றுதான் வந்தது.